மூன்று எண்ணும் நேரம்

முதல் பூச்சு கல்.
பர்கூர்ப் பக்கம் பாலிஷ் பட்டறையில்
தண்ணீரோடு வழிந்து குட்டையில் படியும்
கறுப்புக் கல்லின் சேறு.
மூட்டை முப்பது ரூபாய் என்கிறார் டிரைவர்.
அவர்களுக்கு அது குப்பை,
எனக்கு இரும்பு.

இரண்டாவது மாங்கொட்டை.
கூழ் ஆலைக் கொதிகலனில் எரிந்த சாம்பலை
பர்வீன் ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவுவாள்.
கை அரிக்கும். கையுறை போடு என்றால்
வழுக்குது அக்கா என்பாள்.

அதற்கு மேல் கேழ்வரகுத் தாளின் சாம்பல்.
வெள்ளைதான், ஆனால் பால் வெள்ளை இல்லை.
புளித்த மோரின் மேலே தெளிந்து நிற்குமே,
அது.

ஓசூர்க் கம்பெனி ஒன்றின் விருந்தினர் விடுதிக்கு
ஜப்பான் பாணிக் கிண்ணம் பன்னிரண்டு.
காதுள்ள கோப்பை வேறு, அதன் விலையும் வேறு.
இது இரண்டு கையும் கேட்கும்.

முக்கும்போது மூன்று எண்ணுவேன்.
நான்கு என்றால் தடித்துவிடும்.
தனியாகச் சுட்டால் கல் நிற்கும்,
சாம்பலும் ஏறக்குறைய நிற்கும்.
ஒன்றின் மேல் ஒன்று படிந்த இடத்தில்தான்
இரண்டும் உருகி ஓடும்.
ஏன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
படித்தால் புரிகிறது,
பார்க்கும்போது மறுபடி புரியாமல் போகிறது.

ஒன்பதாவது கிண்ணம் சாம்பலுக்குள் இருந்த நேரம்
போன் அடித்தது. பர்வீன் என் காதில் வைத்தாள்.
திம்மராயன். அண்ணன்.
"வேப்பனப்பள்ளி நிலத்துக்குப் பார்ட்டி வந்திருக்கு.
அடியில முழுக்கக் கறுப்புக் கல்லாம்.
நீ ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுட்டா
வேலை முடிஞ்சுது.
கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு
எதுக்கும்மா பாறை?"
ஒன்று என்று எண்ணியிருந்தேன்.
பிறகு எண்ணவில்லை.

கழுவியிருக்கலாம். காயவைத்து
முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம்.
கேழ்வரகையும் ஒரு கரண்டி உள்ளே ஊற்றி
அப்படியே அடுக்கினேன், பின் வரிசையில்.

கோழிப் பண்ணையாக இருந்த ஷெட் இது.
மழை நாளில் இன்னும் அந்த வாடை வரும்.
அன்று இரவு மூன்று சிலிண்டர் தீர்ந்தது.
கூம்பு தலை குனியும்போது மணி நாலு.
ஆறுவதற்கு ஒன்றரை நாள்,
அதற்குள் அண்ணனிடமிருந்து ஐந்து மிஸ்டு கால்.

திறந்தால் பதினொன்றும் சொன்னபடி கேட்டிருந்தன.
விளிம்பில் வெல்லப்பாகு நிறம்,
அங்கிருந்து கருப்புக்கு இறங்கும் கோடுகள்
கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி.
ஒன்பதாவது தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
மெழுகு தடவிய பாதத்தையும் தாண்டி
ஒரு பச்சைச் சொட்டு.
உளி வைத்துப் பெயர்த்தேன்,
தட்டின் சில்லும் கூடவே வந்தது.
உள்ளே எட்டிப் பார்த்தாள் பர்வீன்.
"அக்கா, ஷட்டர் திறந்த அன்னிக்கு டேம் மாதிரி!"
அடியில் பச்சை, அதன் மேல் நுரை.

கீழே வைத்தால் சாய்கிறது.
விற்க முடியாது.
பன்னிரண்டாவதை மறுபடி செய்ய வேண்டும்.

சனிக்கிழமை அவனே வந்தான்.
அக்குளில் பிளாஸ்டிக் கவர், அதில் பத்திரம்,
சட்டைப் பையில் இரண்டு பேனா.
ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று.
டீ போட்டு அந்தக் கிண்ணத்தில்
தளும்ப ஊற்றிக் கொடுத்தேன்.
"காது இல்லையா இதுக்கு?"
"ரெண்டு கையாலயும் பிடி."
பிடித்தான். சூடு.
மேசையில் வைக்கப் போனான், சாய்ந்தது,
பதறி மறுபடி ஏந்திக்கொண்டான்.
கவர் நழுவப் பார்த்தது,
முழங்கையை விலாவோடு இறுக்கினான்.

"இந்தக் கறுப்பு எதுல வருது?"
"கல்லுல."
ஏதோ கேட்க வாயெடுத்து
ஊதி ஒரு வாய் குடித்தான்.

கிண்ணத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.
பர்வீன் அதற்குள் அடுத்த டீக்குப்
பாலை வைத்துவிட்டாள்.